என் நாத்தனாரின் வர்ணனை

அப்புத்தளை
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

துவாரகா வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? வைரவநாதன் அண்ணாவுக்கு இருமல் விட்டதா? இங்கே நானும் உங்கள் தம்பியும் சுகமாக இருக்கிறோம்.

மாமாவின் திவசத்தன்று நீங்கள் சொல்லிப் போனதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா விட்டுப்போன இந்த வீடு உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் பாதிப் பாதி, அதை நான் மறுக்கவில்லை. "சித்திரை வருஷப் பிறப்பு வரைக்கும் பாக்கிறேன். அதுக்குள்ள வெளி ஆளுங்க வந்து தங்குறத எனக்குக் காட்டு. இல்லாட்டி வீட்ட விக்க, பத்திரம் எழுதுற நொத்தாரிசுகிட்ட வந்து தம்பியும் கையெழுத்துப் போடணும், நீங்க ரெண்டு பேரும் பதுளைக்கு வந்து எங்க கடைக்குப் பின்னால இருக்கிற ரூம்ல இருங்க" என்றீர்கள். சரி என்று நானும் தலையாட்டினேன்.

மேல்மாடி அறை இரண்டுக்கும் வெள்ளை அடித்தாயிற்று. கட்டில் போட்டாயிற்று. வெள்ளைக்காரர்கள் பார்க்கிற வலைத்தளத்தில் பதியவும் செய்தோம். அங்கேதான் சிக்கல். வீட்டை இங்கிலீஷில் வர்ணித்து எழுது என்று கேட்கிறது. உங்கள் தம்பி "நைஸ் ஹவுஸ், நைஸ் வியூ, நைஸ் பீப்பிள்" என்று எழுதிவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனில் தமிழைக் கொடுத்து இங்கிலீஷ் கேட்டேன். இந்த மலையில் உள்ள எல்லா வீட்டுக்கும் அது ஒரே வர்ணனையைத்தான் தருகிறது போலிருக்கிறது.

நீங்கள் கொன்வென்டில் படித்தவர்கள். எனக்குப் பள்ளிக்கூடத்து ஓ.எல். இங்கிலீஷ்தான். வர்ணனைச் சொற்களையும் அவற்றை எங்கே போடுவது என்பதையும் எனக்குச் சொல்லித் தாருங்கள் அண்ணி. போன் பகல் முழுக்க உங்கள் தம்பியோடு ஓட்டோ ஹயருக்குப் போய்விடுவதால் கடிதமாக எழுதுகிறேன். ஜௌபர் நானாவின் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், அவர்தான் கண்டக்டராக இருக்கிறார். கூட ஒரு பை கரட்டும் இருக்கிறது.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
துவாரகா

*

பதுளை
15 செப்டம்பர் 2024

துவாரகாவுக்கு மீனாம்பாள் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. என் முழங்காலை விசாரித்திருந்தாய். உன் கடிதத்தைப் படித்த பிறகு அது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.

தங்குமிடமாம்! அப்புத்தளையில் கடை வைத்து அப்பா கட்டிய வீட்டில், கண்டவன் துவாயைத் துவைத்துப் போடப் போகிறாளாம் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். விடிகாலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் சத்தத்தில் வளர்ந்த உனக்கு அந்த வீடு மாளிகையாகத் தெரிவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் இருந்து வந்தவளுக்கு ஜன்னல் இருந்தாலே போதும்.

என்றாலும் கேட்டுவிட்டாய். என் தம்பி பெண்டாட்டி ஊருக்கு முன்னால் பிழையான இங்கிலீஷ் எழுதினால் சிரிப்பது உன்னைப் பார்த்து அல்ல, எங்கள் குடும்பத்தைப் பார்த்துத்தான். அதற்காகச் சொல்லித் தருகிறேன்.

முதலில் நைஸ் என்ற சொல்லைத் தலைமுழுகு. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது. இந்த மலைநாட்டில் எல்லாமே நைஸ். வியூ நைஸ், சோறும் கறியும் நைஸ், வழுக்கி விழுந்தவனுக்குக் கட்டிய பண்டேஜும் நைஸ். குட் வேண்டாம், பியூட்டிபுல்லும் வேண்டாம். தேய்ந்த செருப்பை யாராவது கலியாண வீட்டுக்குப் போட்டுப் போவார்களா?

இந்தா, ஐந்து சொல் தருகிறேன். ஸ்பேசியஸ் என்றால் விசாலமான. செரீன் என்றால் அமைதியான. மிஸ்டி என்றால் மூடுபனி நிறைந்த. எலகண்ட் என்றால் நேர்த்தியான. சார்மிங் என்றால் பார்த்தவுடன் மனசை இழுக்கிற. ஒவ்வொன்றையும் வைத்து வாக்கியம் எழுதி அனுப்பு. கையால் எழுது. போனில் படித்த இங்கிலீஷ் பற்றரி இறங்கினால் போய்விடும். எங்களுக்குக் கொன்வென்டில் சிஸ்டர் அப்படித்தான் சொல்லித் தந்தார்: சொல்லைப் பார்க்காதே, பொருளைப் பார், பிறகு சொல்லைத் தேடு. உனக்கு அதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது.

கரட் பாதி அழுகல். ஜௌபர் பையின் மேல் உட்கார்ந்து வந்தான் போல.

மீனாம்பாள்

*

அப்புத்தளை
2 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எல்லாரும் சுகம்தானே? இங்கே மழை தொடங்கிவிட்டது. உங்கள் தம்பிக்குக் கொஞ்சம் தடிமன், வேறொன்றுமில்லை. கரட்டுக்கு மன்னிக்கவும். இந்த முறை லீக்ஸ் அனுப்புகிறேன், ஜௌபர் நானாவிடம் மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி பொருளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். காலையில் எங்கள் சமையலறை மிஸ்டி. உங்கள் தம்பி தூங்கும்போது செரீன், எழும்பினால் இல்லை. மிச்சக் காசு கொடுக்காமல் இருக்கும்போது ஜௌபர் நானா மிகவும் சார்மிங். பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டில் ஸ்பேசியஸ். எங்கள் அண்ணி எலகண்ட்.

இங்கிலீஷில் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்புங்கள்.

அண்ணி, நம் வீட்டுக்கு எந்தச் சொல் சரியாக வரும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இங்கே வந்தே ஆறு வருஷம்தான். நீங்கள் இதில் பிறந்து வளர்ந்தவர்கள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். சீசன் தொடங்குவதற்கு முன் எழுதிப் போட வேண்டும். இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனசில்லை என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

அன்புடன்,
துவாரகா

*

பதுளை
10 அக்டோபர் 2024

துவாரகாவுக்கு,

நாங்கள் சுகம். தம்பிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு, அவனுக்குச் சின்ன வயதிலேயே நெஞ்சில் சளி கட்டும். அது தெரியாமல் மழையில் ஓட்டோ ஓட விட்டிருக்கிறாய்.

உன் தாளைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். "அண்ணி எலகண்ட்" என்ற வாக்கியம் சரி. மற்றதெல்லாம் குப்பை. மாட்டுக்கொட்டிலுக்கு ஸ்பேசியஸ் போடுகிறவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இவர் அந்த வரியை வாசித்துவிட்டுக் கடையில் வாடிக்கையாளருக்கு முன்னால் சிரிக்கிறார். "பொண்ணு கெட்டிக்காரி" என்கிறார். இவருக்கு யார்தான் கெட்டிக்காரி இல்லை!

அந்த வீட்டை நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், கேள். மாடிப்படியில் கால் வைத்தால் அது போடும் சத்தத்தில் அடுத்த தெரு நாய் குரைக்கும். தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பவனிடம் கத்தித்தான் பேச வேண்டும். மூடுபனி கதவைத் தட்டாமல் சமையலறைக்குள் வந்து, கடன் கேட்க வந்த சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்துவிடும், எழும்பிப் போகாது. ரயில் போனால் அலமாரியில் கோப்பைகளெல்லாம் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். மேல் அறை ஜன்னலைத் திறந்தால் மூட வராது, மூடினால் திறக்க வராது. கக்கூஸ் முற்றத்துக்கு அந்தப் பக்கம். குளிரில் நடுங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிடும். தெற்கு வாசலில் நின்றால் கால் மாட்டில் மலை சட்டென்று முடிந்துவிடும், கீழே பள்ளத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அங்கே நின்று பல் விளக்கும்போது நான் எத்தனை தரம் பிரஷ்ஷைக் கீழே விட்டிருக்கிறேன்!

இதை எழுதினால் ஒரு ஈ காக்கை வராது. அதனால் நான் தருகிற சொற்களைப் போடு. பலேஷியல், இது மாடி வைத்த பழைய வீட்டைச் சொல்வது. லக்சூரியஸ், இது வெந்நீர் கிடைக்கும் இடத்துக்குச் சொல்வது. ஒப்யுலன்ட், இதை அறைக்கு முன்னால் போடு, கட்டிலில் நல்ல விரிப்பு இருந்தால் போதும். மூன்றையும் ஒரே வரியில் போட வேண்டும். உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே. முழு வர்ணனையையும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், ஒரு எழுத்தும் மாறாமல் போடு.

லீக்ஸ் பரவாயில்லை.

மீனாம்பாள்

*

அப்புத்தளை
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் எல்லாருடைய சுகமும் அறிய ஆவல். நாங்கள் உடம்புக்குச் சுகம். பதில் பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது.

நீங்கள் எழுதித் தந்ததை அப்படியே போட்டோம். உடனே ஒரு புருஷன் பெண்சாதி பதிந்தார்கள், ஒல்லாந்து தேசம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கோழி அடித்தேன், பருப்பு, பலாக்காய், அப்பளம், பாயசம். உங்கள் தம்பி ஸ்டேஷனுக்குப் போய் ஓட்டோவில் கூட்டி வந்தார்.

அவர்கள் வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார்கள். போனைப் பார்த்தார்கள். திரும்ப வீட்டைப் பார்த்தார்கள். அந்த அம்மா படியில் கால் வைத்தார், அது கத்தியது, காலை எடுத்துவிட்டார். "குளிக்கும் தொட்டி எங்கே?" என்று கேட்டார். நான் முற்றத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். அவ்வளவுதான். ஐயா பையைத் தூக்கிவிட்டார்.

இங்கேதான் நாங்கள் ஒரு மடத்தனம் செய்தோம். போகிறவர்கள் போகட்டும், வீட்டுக்கு வந்தவர்கள் பட்டினியாகப் போவதா? நான் இலையைப் போட்டுவிட்டேன். உங்கள் தம்பி, "சாப்பிட்டுட்டுப் போங்க சேர், சாப்பிட்டுட்டுப் போங்க" என்று தமிழில் சொல்லிக்கொண்டே பையைப் பிடித்துக்கொண்டார். அவர் இழுக்க, இவர் இழுக்க, அந்த அம்மா அழுதுவிட்டார். யாரோடு போனார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் ரிவ்யூ வந்தது. ஒரு நட்சத்திரம். அரண்மனை என்றார்கள், தகரக் கொட்டகையைக் காட்டினார்கள், போகப் பார்த்தபோது பையைப் பறித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பதிந்திருந்த மற்ற இரண்டு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் அன்றைக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. போன புதன்கிழமை ஒருத்தர் டேப்போடு வந்து முற்றத்தை அளந்தார். யார் என்று கேட்டேன். "பதுளை அம்மா அனுப்பினாங்க" என்றார்.

உங்கள்,
துவாரகா

*

பதுளை
1 டிசம்பர் 2024

துவாரகாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தைப் பற்றிக் கேட்பதற்கே இப்போது பயமாக இருக்கிறது, அதற்கும் ஒரு பக்கக் கதை எழுதுவாய்.

கடிதத்தை வாசித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல சொற்களை எடுத்துத் தந்தேன். சொல்லுக்குத் தக்கபடி வீட்டை வைத்திருக்க வேண்டியது யார் வேலை? வைரக் கம்மலை எருமைக்கு மாட்டிவிட்டு, கம்மலைக் குறை சொல்கிறாய்.

பையைப் பிடித்து இழுத்துச் சோறு போடுவது எந்த ஊர் மரியாதை? சாப்பிடாமல் ஒருத்தனையும் வெளியே விடாத இடத்துக்குப் பெயர் ஜெயில். வந்தவன் வெள்ளைக்காரன் என்பதால் பொலிசுக்குப் போகாமல் ரிவ்யூ எழுதினான், கும்பிட்டுக்கொள். அந்த வீட்டுக்கு நீ ஜெயிலர், என் தம்பி உனக்குக் காவல்காரன். பட்டினியாகப் போனால் உனக்கு என்ன? உன் கோழியை நீயே தின்ன வேண்டியதுதானே.

இதெல்லாம் வளர்ப்பில் வர வேண்டும், துவாரகா. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, வீடு நடத்துகிறேன், விருந்து உபசரிக்கிறேன் என்று கிளம்பினால் இப்படித்தான் முடியும். உன்னைக் கட்டத் தம்பி ஆசைப்பட்டான் என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். மூடியிருக்கக் கூடாது. உன் கையில் ஏறிய கொழுந்துக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

இனி இந்த விளையாட்டு போதும். கடைக்குப் பின்னறையில் இருந்த சாமானை ஒதுக்கச் சொல்லிவிட்டேன். பழைய பித்தளைப் பானைகளை ஒரு மூலையில் அடுக்கினால் உங்கள் இருவருக்கும் தாராளம். எனக்கும் முழங்காலோடு சமையலறையில் நிற்க முடியவில்லை, நீ வந்தால் ஒரு கை உதவியாக இருக்கும்.

மழைக்குத் தம்பியைக் கவனி.

மீனாம்பாள்

*

பதுளை
12 ஜனவரி 2025

துவாரகாவுக்கு,

எல்லாரும் சுகம். பொங்கலுக்குத் தம்பிக்கு உடுக்க ஒரு சாரமும் உனக்கு ஒரு சேலையும் ஜௌபரிடம் கொடுத்திருக்கிறேன். சேலை சாயம் போகாது, கடைக்காரன் சத்தியம் செய்திருக்கிறான்.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கோபமாக்கும். கோபப்பட உனக்கு என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்னேன். இங்கிலீஷ் படிக்கிறேன் என்று ஆரம்பித்தவள் திட்டு வாங்காமல் படிக்கலாம் என்று நினைத்தாயா? சிஸ்டர் எங்களை முட்டிக்கால் போட வைத்தே சொல்லித் தந்தார்.

ஜௌபர் ஏதோ உளறுகிறான். "ஒங்க அப்புத்தளை வீட்டடியில வெள்ளைக்காரங்க பேக்கோட எறங்குறாங்க. சிரிச்சுக்கிட்டே எறங்குறாங்க" என்கிறான். வழி தவறிப் போனவர்களாக இருக்கும். அங்கே சிரிக்க என்ன இருக்கிறது?

பதில் போடு.

மீனாம்பாள்

*

பதுளை
9 பெப்ரவரி 2025

துவாரகாவுக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகமாகத்தான் இருப்பாய், எழுதத்தான் கை வரவில்லை.

தம்பிக்குப் போன் எடுத்தால் "பேசுறேன் அக்கா, ஹயர்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறான். பின்னால் யாரோ இங்கிலீஷில் பேசுவது கேட்கிறது. ஜௌபரைக் கேட்டால், "அந்த வீட்டுக்குப் போறவங்க எல்லாம் பஸ்ஸிலயே எங்கிட்ட ‘பதுளையில இருக்கிற சிஸ்டர்-இன்-லோவைத் தெரியுமா’ன்னு கேக்குறாங்க" என்கிறான். அவனுக்கு விசர் பிடித்திருக்கிறது. என்னை எந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியும்?

நீ என்ன செய்கிறாய் அங்கே? என் பெயரைச் சொல்லி என்ன நடக்கிறது? ஒழுங்காக, விவரமாக, வந்த கையோடு பதில் எழுது. பின்னறை வெறுமையாகக் கிடக்கிறது, எலி ஓடுகிறது.

மீனாம்பாள்

*

அப்புத்தளை
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா? அண்ணா சுகமா? நாங்கள் இருவரும் நல்ல சுகம். சேலைக்கு நன்றி. சாயம் போகவில்லை.

விவரமாக எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

ஒல்லாந்துக்காரர் போன அன்றைக்கே போனை வாங்கி அகராதியைப் பார்த்தேன். பலேஷியல் என்றால் அரண்மனை போன்ற என்று இருந்தது. ஒப்யுலன்ட் என்றால் செல்வம் கொழிக்கிற. கொன்வென்டில் படித்த உங்களுக்கு அது தெரியாதா? தெரியும். மாட்டுக்கொட்டிலுக்கு ஸ்பேசியஸ் வராது என்று தெரிந்தவர்களுக்கு, தகரக் கூரைக்குப் பலேஷியல் வராது என்று தெரியாமல் போகுமா? டேப்போடு வந்தவரைப் பற்றியும் எழுதினேன். அதற்குப் பிறகு மூன்று கடிதம் போட்டீர்கள், ஒன்றிலும் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னைத் திட்ட மட்டும் தாள் போதவில்லை உங்களுக்கு.

கோபத்தில் உங்கள் கடிதங்களைக் கிழிக்கத்தான் எடுத்தேன். கடைசியாக ஒரு தரம் வாசித்தேன். அக்டோபர் கடிதத்தில் வீட்டைத் திட்டியிருக்கிறீர்களே, அதை வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதாண்டி நம்ம வீடு. அக்கா ஒண்ணையும் விடல" என்றார். வெறுக்கிறவர்களுக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறது, அண்ணி. எனக்கு இந்த வீட்டைப் பிடிக்கும், அதனால் என் வாயில் நைஸ்தான் வந்தது.

பழைய வர்ணனையைத் தூக்கி எறிந்துவிட்டு, "இந்த வீட்டைப் பற்றி என் நாத்தனார் சொல்வது" என்று தலைப்புப் போட்டு, நீங்கள் சொன்னதை வரிக்கு வரி இங்கிலீஷில் எழுதினேன். போனிடம் கேட்டேன், அது உங்கள் கோபத்தையெல்லாம் வடித்துவிட்டுச் சப்பென்று ஒன்றைத் தந்தது. நானே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். படி, மழை, மூடுபனி, கோப்பை, ஜன்னல், கக்கூஸ், பள்ளம், ஒன்றும் விடவில்லை. டிசம்பர் கடிதத்தில் இருந்து ஜெயிலையும் எடுத்துக்கொண்டேன். "சாப்பிடாமல் வெளியே விடமாட்டார்கள்" என்று முடித்தேன்.

மார்கழி முடியுமுன்னே ஆள் வரத் தொடங்கிவிட்டது. இப்போது மேல்மாடி காலியாக இருக்கிற நாள் குறைவு. வந்தவுடன் படியில் ஏறி இறங்கிச் சத்தம் கேட்கிறார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு மூடப் பார்க்கிறார்கள், வராவிட்டால் கை தட்டுகிறார்கள். ரயில் வரும் நேரத்துக்குக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பையை அவர்களே எடுத்து உங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். ஒருத்தரும் ஏமாந்தேன் என்று எழுதவில்லை. உங்களைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

ஒன்றை மட்டும் போடவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தையும் என் கைக் கறையையும் பற்றி எழுதியிருந்தீர்கள். அது வீட்டைப் பற்றியது இல்லை. அங்கே என் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் அதை வாசித்த அன்றைக்கு என்னால் சோறு தின்ன முடியவில்லை, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போன வாரம் பிரான்சில் இருந்து வந்த ஒரு பிள்ளை கேட்டாள், வீட்டைப் பற்றி இவ்வளவு சொன்னாரே, உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று. ஒன்றும் சொல்லவில்லை என்றேன். வலைத்தளத்தில் வீட்டை நடத்துபவரைப் பற்றி எழுத ஒரு இடம் இருக்கிறது. அதைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.

சித்திரை வருகிறது. ஆள் வந்து தங்குவதைக் காட்டச் சொன்னீர்கள், காட்டிவிட்டேன். உங்கள் பாதி உங்களுடையது, விற்கத்தான் வேண்டும் என்றால் என்னால் தடுக்க முடியாது. ஆனால் கடைக்குப் பின்னறையில் பானைகளுக்கு நடுவில் படுத்து எழும்பி, உங்கள் சமையலறையில் நிற்க நான் வரமாட்டேன். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

விற்கப் போகிறீர்களா, இல்லையா?

துவாரகா

*

பதுளை
16 மார்ச் 2025

துவாரகாவுக்கு,

எண்ணெய் போடுகிறேன். வலி அப்படியேதான் இருக்கிறது. இவர் சுகம், சுகம் என்ன சுகம், உன் வர்ணனையைப் போனில் வாசித்துவிட்டுக் கடை வேலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வருகிற போகிற எல்லாருக்கும் காட்டுகிறார். நேற்று மத்தியானம் இவருக்குச் சோறு போடாமல் எழும்பிவிட்டேன்.

என்ன துணிச்சல் உனக்கு! நான் உனக்கென்று எழுதிய கடிதத்தை உலகத்துக்கே கடை விரித்துக் காட்டியிருக்கிறாய். வெட்கம் மானம் இருக்கிறவள் செய்கிற காரியமா?

சரி, செய்ததுதான் செய்தாய், அதை ஒழுங்காகச் செய்தாயா? கோல்ட் என்று எழுதியிருக்கிறாய். ஐஸ் போட்ட சர்பத்தும் கோல்ட்தான். நான் சொன்ன குளிர் அதுவா? எலும்பைக் கடிக்கிற குளிருக்குப் பிட்டர் என்று போடு. படிக்கு நொய்ஸி என்கிறாய், சந்தை நொய்ஸி, கீச்சிடுகிற படிக்கு ஷ்ரில் என்று வர வேண்டும். கக்கூஸ் வழியில் மழைக் காலத்தில் காலில் அட்டை ஏறும், அதை விட்டுவிட்டாய். பின் சுவரில் நான் கை வைத்தால் ஈரம் ஒட்டும், அதையும் சேர். டேங்க் என்று ஒரு சொல் இருக்கிறது, தண்ணீர் டேங்க் அல்ல, ஈரமும் குளிரும் சேர்ந்த இடத்துக்குச் சொல்வது. அகராதியில் பார்த்துக்கொள், என்னை நம்ப வேண்டாம்.

டேப்காரன் போன கிழமை கடைக்கு வந்தான், நொத்தாரிசையும் கூட்டிக்கொண்டு. சித்திரைக்குப் பிறகு வா என்றேன். எந்தச் சித்திரை என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நொத்தாரிசு மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பின்னறையில் திரும்பச் சாமானை அடுக்கச் சொல்லிவிட்டேன், எலித் தொல்லை தாங்க முடியவில்லை.

வலைத்தளத்தில் உன்னைப் பற்றி எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாயே, காலியாக விட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று நினைப்பார்கள். அதுவும் என் பெயர் போட்ட பக்கத்தில். கீழே உள்ளதை எழுது. இங்கிலீஷில் நீயே போட்டுக்கொள், திருத்த எனக்கு அனுப்பாதே.

"வீட்டை நடத்துபவள் பிடிவாதக்காரி. கொஸ்லந்தைக்காரி. சமையல் பரவாயில்லை. இவளை ஏமாற்ற முடியாது. நாத்தனார் முயன்று பார்த்துவிட்டார்."

மீனாம்பாள்